யாகிமோவ்: போய்ப் பார்க்கத் தகுந்த ஊரா?

சுற்றுவோன்: செக் நாட்டுக் குளியல் ஊரான கார்லோவி வாரி போகிறோம், பக்கத்தில் யாகிமோவ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறதாமே. அரை நாள் ஒதுக்கலாமா? ஊர் எப்படி?

மலைக்காற்று: தாராளமாக. ஜெர்மன் எல்லையை ஒட்டிய மலைப் பள்ளத்தாக்கில், மேட்டில் ஏறும் ஒரே நீளத் தெருதான் ஊர். 1516-இல் வெள்ளி கிடைத்ததும் கூட்டம் குவிந்து, சில வருஷங்களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) பிராகுக்கு அடுத்த பெரிய ஊராகிவிட்டது. தாலர் என்ற பழைய வெள்ளி நாணயம் அடித்ததும் இங்கேதான். இப்போது மூவாயிரம் பேர்கூட இல்லை.

பழையகணக்கு: வெள்ளியோடு நிறுத்திவிட்டால் எப்படி? மேரி கியூரி ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பிரித்தெடுத்தது இந்தச் சுரங்கத்துக் கழிவிலிருந்துதான். 1948-க்கு அப்புறம் கம்யூனிஸ்ட் அரசு அரசியல் கைதிகளை முகாம்களில் அடைத்து யுரேனியம் தோண்ட வைத்தது, தாது சோவியத்துக்குப் போனது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, தலைமுறை தலைமுறையாக இருந்த ஜெர்மன்காரர்களை நாட்டைவிட்டே துரத்தியாகிவிட்டது. மேல்தெருவில் பாழடைந்த வீடுகளைப் பார்த்தால் இதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும்.

சுற்றுவோன்: கதிரியக்கம் என்றதும் வீட்டில் பயப்படுகிறார்கள்!

மலைக்காற்று: ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த இந்த ஊர்த் தண்ணீரில் குளிக்கத்தானே மூட்டுவலிக்காரர்கள் காசு கொடுத்து வருகிறார்கள்! ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்திலிருந்து இன்றும் தண்ணீர் வருகிறது. குளியல் என்றால் மருத்துவர் சொன்னால் மட்டும்; தெருவில் நடக்க என்ன பயம்? 1912-இல் திறந்த ரேடியம் பேலஸ் ஹோட்டலை வெளியிலிருந்தாவது பாருங்கள், அரண்மனைதான். நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள், ஏற்றம் ஜாஸ்தி.