பெரிய வீடு, கோத்தகிரி (குடும்பக் குழு)

மணி மாமா, காலை 6:48
எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி பொறந்தாச்சு. கீழ கடலோரத்துல இனி எப்போ வேணா புயல் வரும். போன தடவை மாதிரி கடைசி நேரத்துல ஓடாம, இப்பவே துணிமணி, போர்வை சேர்த்து செல்வி ஊருக்கு அனுப்பிடலாமா? எங்க வராண்டால கொண்டு வந்து வைங்க.

கவிதா அண்ணி, காலை 6:55
நல்ல யோசனை மாமா. எங்கிட்ட சேலை பத்து இருக்கு.

ரவி, காலை 7:02
மேட்டுப்பாளையம் ரோட்ல மரம் சாஞ்சிருக்கு. பஸ்ஸுக்குப் போறவங்க பார்த்துப் போங்க.

செல்வி (நாகப்பட்டினம்), காலை 7:31
மாமா, உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா துணி வேண்டாம். 2004 சுனாமிக்கு அப்புறம் லாரி லாரியா வந்த பழைய துணி இங்க ரோட்டோரமா குவிஞ்சு கிடந்ததை எங்க அத்தை இன்னும் சொல்வாங்க. இந்த மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்த நேரத்துல துணியை அள்ளிப் போட ஆள் தேடணும்னா எப்படி இருக்கும்? புயலுக்கு முன்னாடி வர்ற உதவிதான் எங்களுக்கு வேணும்.

மணி மாமா, காலை 7:36
சரிம்மா. துணி வேண்டாம். என்ன வேணும்னு நீயே சொல்லு.

செல்வி, காலை 7:44
ஊர் மைக்செட். ஆம்ப்ளிஃபயர் போயிடுச்சு, பேட்டரியும் கிடையாது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கரையேறுச்சு. கம்பம் எல்லாம் சாஞ்சு பல நாள் கரண்ட் இல்ல, போன் டவரும் இல்ல.

தினேஷ், காலை 7:50
அக்கா, ஐதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் 2007லருந்து இருக்கே. நிலநடுக்கம் வந்த சில நிமிஷத்துல தகவல் அனுப்பிடுவாங்க. தமிழ்நாடு அரசோட டிஎன் அலர்ட் எச்சரிக்கை ஆப்பும் இருக்கு.

செல்வி, காலை 8:05
இருக்கு தம்பி, அது ரொம்ப பெரிய விஷயம். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தகவல் வந்துடும். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தெருக்கோடில தூங்குற பாட்டி காதுக்கு யார் கொண்டு போறது?
புதுச்சேரி பக்கம் நல்லவாடுன்னு ஒரு மீனவர் ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க தகவல் மையம் வச்சிருந்தாங்க. அலை எவ்வளவு உயரம், காத்து எப்படின்னு அந்த ஸ்பீக்கர்லதான் சொல்வாங்க. சுனாமி அன்னைக்கு சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் செய்தி கேட்டு போன் பண்ணினார். அதே ஸ்பீக்கர்ல சொன்னாங்க, ஜனம் ஓடித் தப்பிச்சுது. அன்னாடம் கேட்டுப் பழகின ஸ்பீக்கர், அதனாலதான் உடனே கிளம்பினாங்க. எங்க ஊர்லயும் அப்படி தினம் பேசணும். சும்மா பூட்டி வச்ச சைரன் அன்னைக்குன்னு பார்த்து வேலை செய்யாது.

கவிதா அண்ணி, காலை 8:12
இதை எங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் சொல்லணும் செல்வி. ஒடிசால 1999 புயல்ல கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க. 2013ல பைலின் வந்தப்போ லட்சக்கணக்கான பேரை முன்னாடியே பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டு போனாங்க, சாவு 50ஐ தாண்டல. இடையில அந்த ஜனங்க சும்மா இருக்கல, மையம் கட்டினாங்க, ஒத்திகை பார்த்தாங்க.

செல்வி, காலை 8:20
ஆமா அண்ணி. இங்கயும் மையம் இருக்கு. ஆனா ஆம்பளைங்க போட்டையும் எஞ்சினையும் விட்டுட்டு வர மாட்டாங்க. கடன் வாங்கி வாங்கினது, எப்படி விடுவாங்க? டிராக்டர் வச்சு போட்டை மேட்டுல ஏத்திட்டா அவங்களே கிளம்பிடுவாங்க. அந்த டிராக்டர் வாடகைக்கு ஊர்ல ஒரு பணம் தனியா இருக்கணும்.

தினேஷ், காலை 8:24
அக்கா, நம்ம எல்லாரும் வந்து அலையாத்தி மரம் நடலாமா? பிச்சாவரத்துல காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்கள் சுனாமில தப்பிச்சதே.

செல்வி, காலை 8:33
அலையாத்தி கழிமுகத்துச் சேத்துல வளர்றது தம்பி. எங்களுது திறந்த மணல் கரை. நட்டா அடுத்த மாசமே அலை கொண்டு போயிடும். இங்க மணல்மேடுதான் காவல். அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்து மணலைப் பிடிச்சு வச்சிருக்கு. மேட்டை மட்டம் பண்ணாம, கொடியைப் பிடுங்காம பார்த்துக்கணும். அதுக்குப் பின்னாடி சவுக்கும் பனையும் வைக்கலாம்.

மணி மாமா, காலை 8:41
இங்க சோலையை வெட்டின சரிவு மாதிரிதான். 2009 நவம்பர்ல நம்ம மாவட்டத்துல மண்சரிவுல 40 பேருக்கு மேல போனப்போ கண்ணால பார்த்தோமே. தினேஷ், நீ பனங்கொட்டை சேகரிக்கிற வேலையை எடுத்துக்கோ. கோயம்புத்தூர்ல உன் ஹாஸ்டல் பக்கம் கிடைக்கும்.

தினேஷ், காலை 8:43
சரி தாத்தா 👍

மணி மாமா, காலை 8:46
செல்வி, மைக்செட்டுக்கு எவ்வளவு ஆகும்? உன் கணக்குக்கு அனுப்பட்டுமா?

செல்வி, காலை 8:58
என் கணக்கு வேண்டாம் மாமா. ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கு. எது முதல்ல வேணும்னு பஞ்சாயத்தாரும் பொம்பளைங்க குழுவும் சேர்ந்து முடிவு பண்ணட்டும். யார் தினமும் மைக்ல பேசுறது, நடக்க முடியாதவங்களை யார் தூக்கிட்டு போறதுன்னும் அன்னைக்கே பேர் எழுதிடலாம்னு இருக்கோம். கடை பில்லோட உங்களுக்கு அனுப்புறேன், நேரா கடைக்கே கட்டிடுங்க.

கவிதா அண்ணி, காலை 9:03
பேட்டரி வாங்கும்போது சோலார்ல சார்ஜ் ஆகுமான்னு கேளு. எல்லாரும் 1077 நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க, மாவட்ட கட்டுப்பாட்டு அறை. எந்த மாவட்டமானாலும் அதே நம்பர்தான்.

மணி மாமா, காலை 9:10
பில் வந்ததும் சொல்லும்மா. என் பங்கை இன்னைக்கே எடுத்து வச்சிடுறேன். ரவி, நீயும் உன் அண்ணன்கிட்ட பேசிடு.

ரவி, காலை 9:14
பேசிட்டேன் மாமா. அவரும் தர்றேன்னுட்டார். மரத்தை வெட்டிட்டாங்க, பஸ் ஓடுது.