டெல்லிக் குளிர்காலமும் கர்ப்பிணிகளும்: இப்போதே ஊருக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

முனிர்க்காவாசி
எல்லோருக்கும் வணக்கம். மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, மார்ச் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப்போவது என்றுதான் பேச்சு. ஆனால் தீபாவளிக்கு அப்புறம் இங்கே காற்று இருக்கிற லட்சணத்தை டிவியில் பார்த்துவிட்டு மாமியார், "இப்பவே அனுப்பி வையுங்க மாப்பிள்ளை" என்று தினம் போன் போடுகிறார். காற்றின் தரக் குறியீட்டைக் காட்டும் சமீர் செயலியில் எங்கள் பக்கத்து நிலையம் 400-க்கு மேல் காட்டுகிறது. டாக்டரோ மாஸ்க் போடுங்கள், விடிகாலையில் நடக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். வயிற்றில் இருக்கும் குழந்தையின் எடை புகையால் குறையும் என்பது எந்த அளவுக்கு உண்மை? ஸ்கேன், இன்ஷூரன்ஸ், அவள் வேலை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன, அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்கேபுரம் பெரியவர்
தம்பி, நான் எழுபதுகளில் இங்கே வந்தவன். அப்போது குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு அங்கீட்டி என்கிற கணப்படுப்பில் கரி எரியும், பஸ் எல்லாம் டீசல், அவை சி.என்.ஜி.க்கு முழுசாக மாறியதே 2000-க்கு அப்புறம்தான். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த ஊரில்தான் பிறந்தார்கள், மூன்று கிலோவுக்குக் குறையவில்லை. இப்போது கையில் செயலி இருக்கிறது, எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறோம். மாமியாருக்கு மகளைப் பார்க்க ஆசை, அதற்குக் காற்று ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

மயூர்விஹார் மீனா
பெரியவர் கோபிக்கக் கூடாது. உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் நன்றாகப் பிறந்ததால் புகை ஒன்றும் செய்யாது என்றால், பீடி குடித்துத் தொண்ணூறு வயது வரை இருந்த தாத்தாவைக் காட்டி அதையும் நியாயப்படுத்தலாம்.

முனிர்க்காவாசி, எடை குறைகிறது என்பது வதந்தி இல்லை. ஐரோப்பாவில் 12 நாடுகளில் 74,000-க்கு மேற்பட்ட தாய்மார்களை வைத்து 2013-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பி.எம். 2.5 என்கிற நுண்துகள் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் கூடினால், நிறைமாதத்தில் பிறந்தும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருக்கும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. டெல்லியில் அந்த 5 ஒரு பொருட்டே இல்லை, காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் 100 ஏறி இறங்கும். 2019-ல் பெல்ஜியத்தில் நஞ்சுக்கொடியின் குழந்தைப் பக்கத்திலேயே புகைக்கரித் துகளைக் கண்டார்கள். தாயின் நுரையீரலோடு நின்றுவிடுகிறது என்று இனி சொல்ல முடியாது.

பெய்ஜிங் கதையும் தெரிந்திருக்கும். 2008 ஒலிம்பிக்ஸுக்காகத் தொழிற்சாலைகளை மூடி வண்டிகளைக் குறைத்தார்கள் இல்லையா, அந்த வாரங்களில் எட்டாம் மாதத்தில் இருந்தவர்களின் குழந்தைகள், முந்தைய, பிந்தைய வருடங்களில் அதே தேதிகளில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடை. காற்று சுத்தமானால் எடை ஏறுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? என்னைக் கேட்டால் நாளைக்கே திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை
மீனா மேடம், நீங்கள் சொன்ன 23 கிராமையே எடுத்துக்கொள்வோம். ஒரு நகரத்தையே பூட்டியும் கிடைத்தது 23 கிராம்.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டது. கர்ப்பகாலத்தில் சுவாசிக்கும் நுண்துகளின் சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தை எடை 4 கிராம் குறைகிறது. இப்போது இவர் கேட்கும் கேள்வி டெல்லியா அம்பாசமுத்திரமா என்பது இல்லை, நவம்பரா ஜனவரியா என்பதுதான், ஏழாம் மாதம் எப்படியும் போகிறார்களே. இந்த இரண்டு மாதம் இங்கே 200 மைக்ரோகிராம், அங்கே 30 என்று வைத்தால் வித்தியாசம் 170. ஒன்பது மாதத்துக்குப் பரப்பினால் சராசரியில் சுமார் 38. நாலால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 15 கிராம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை! இதற்காக ஒரு பெண் வேலையை விட்டு, பழகிய டாக்டரை விட்டுக் கிளம்ப வேண்டுமா?

இன்னும் ஒன்று. ஐரோப்பா, பெய்ஜிங், சென்னை எல்லாமே நடந்ததைப் பார்த்து எழுதிய ஆய்வுகள். சோதனையாகச் செய்தபோது என்ன ஆயிற்று? ஹாப்பின் என்று ஒரு பெரிய சோதனை, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, அப்புறம் நம் விழுப்புரம், நாகப்பட்டினம். 3,200 கர்ப்பிணிகள். சீட்டுக் குலுக்கியதுபோல் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் விறகிலேயே. கேஸ் வீட்டில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராம், விறகு வீட்டில் 71. குழந்தை எடை? பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2022-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்துவிட்டது.

மயூர்விஹார் மீனா
அந்தப் பெண்களுக்குக் கேஸ் கிடைத்ததே மூன்றாம் மாதத்துக்கு அப்புறம், சிலருக்கு ஐந்தாம் மாதம்கூட. நஞ்சுக்கொடி அமைவது அதற்கு முன்னால். அதற்குள் நடக்க வேண்டியது நடந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை
அப்படியா? சற்று முன்னால் எட்டாம் மாதம் காற்று சுத்தமானதால் பெய்ஜிங்கில் எடை ஏறியது என்றீர்கள். கடைசி மாதம் முக்கியம் என்றால் ஹாப்பினில் பலன் தெரிந்திருக்க வேண்டும். முதல் மாதங்கள்தான் முக்கியம் என்றால் இவர் மனைவிக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது, இனி அனுப்பி என்ன? உங்கள் வசதிக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்க முடியாது.

கரோல்பாக் கௌரி
கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் கணக்கையே உங்களிடம் திருப்பித் தருகிறேன். ஹாப்பினில் "வித்தியாசம் இல்லை" என்று இல்லை, கேஸ் வீட்டுக் குழந்தைகள் சராசரியாக 19.6 கிராம் கூடுதல்தான். தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் விழுந்ததால் அப்படி எழுதினார்கள். 71-லிருந்து 24-ஐக் கழித்தால் 47. சென்னைக் கணக்குப்படி அதற்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்? சுமார் 19 கிராம். வந்தது 19.6. இதைப் போய்ச் சோதனை தோற்றது என்கிறீர்கள். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை உறுதியாகப் பிடிக்க 3,200 பேர் போதவில்லை, அதுதான் விஷயம்.

கணக்குப்பிள்ளை
சரி, அழகான கணக்கு. ஆனால் நீங்கள் நிரூபித்தது என் கட்சியை. புகை பொய் என்று நான் எங்கே சொன்னேன்? சின்ன விஷயம் என்றேன். பத்தொன்பது கிராம் சின்ன விஷயம்.

மயூர்விஹார் மீனா
சராசரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். மூன்றரைக் கிலோக் குழந்தைக்கு 20 கிராம் ஒன்றுமில்லை. நம் நாட்டில் சராசரியே சுமார் 2.8 கிலோ, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் எடை பார்த்த குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் இரண்டரைக்குக் கீழே. அந்த இரண்டரைக் கிலோ எல்லையை ஒட்டி நிற்கும் குழந்தைகள் லட்சக்கணக்கில். எல்லோரையும் கொஞ்சம் தள்ளினால் விளிம்பில் இருப்பது விழும். எடை மட்டுமா? குறைப்பிரசவத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? அமெரிக்காவில் சுங்கச்சாவடிகளில் வண்டி நிற்காமல் போகும் மின்னணுக் கட்டணம் வந்ததும், சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் இருந்த தாய்மாரிடம் குறைப்பிரசவம் சுமார் 11 சதவீதம் குறைந்தது. அங்கே புகை எவ்வளவு, நம் ஆனந்த் விஹாரில் எவ்வளவு!

கணக்குப்பிள்ளை
ஆகவே அரசாங்கம் லாரியை நிறுத்த வேண்டும், குப்பை எரிப்பதைத் தடுக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். நுண்துகளுக்கு நம் அரசு வைத்திருக்கும் வருட வரம்பு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5, டெல்லி நிற்பது 100 பக்கம். கேவலம்தான். ஆனால் கோடிப் பேருக்குப் பொருந்தும் நியாயத்தை ஒரு வீட்டுத் தலையில் கட்டிப் பெட்டியைக் கட்டச் சொல்லாதீர்கள். இந்த நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இவர் மனைவியின் ஹீமோகுளோபின் என்ன, பிரஷர் என்ன, இரும்பு மாத்திரை தினம் உள்ளே போகிறதா என்று இங்கே யாராவது கேட்டீர்களா?

முனிர்க்காவாசி
ஹீமோகுளோபின் 11-க்கு மேல், பிரஷர் சரியாக இருக்கிறது. மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று ராத்திரிக்கு மாற்றியிருக்கிறோம்.

கரோல்பாக் கௌரி
நான் போன பிப்ரவரியில் இங்கேயே பெற்றவள், அதனால் நடைமுறை மட்டும். அனுப்புவது என்றால் முதலில் மாமியார் வீட்டுச் சமையல்கட்டை விசாரியுங்கள். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கேஸ் இருக்கிறது, ஆனால் கொல்லையில் வெந்நீர் அடுப்பு விறகும் தென்னை மட்டையும்தான். குளித்துவிட்டு வந்தால் அம்மா தலைமுடிக்குச் சாம்பிராணி காட்டுவார், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி. வெளியே தாமிரபரணிக் காற்று, உள்ளே முனிர்க்கா. மீனா அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கேயே இருப்பதென்றால் படுக்கையறையில், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா பில்டர் உள்ள பியூரிபையர். அறை அளவுக்கு ஏற்றதாக வாங்குங்கள், ஹாலுக்கும் அறைக்கும் ஒன்றே போதும் என்று வாங்கினால் பணம் தண்டம். எங்கள் வீட்டில் சமையலறைக் கதவைத் திறந்துவைத்து மிளகாய் வற்றல் தாளித்தால் அறையில் இருக்கும் மெஷின் பச்சையிலிருந்து நேராகச் சிவப்புக்குப் போய்க் கத்தும், வெளியே லாரி போவதற்குக்கூட அவ்வளவு கத்தாது. கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் போட்டுத் தாளிக்க வேண்டும். மங்கோலியாவில் உலான்பாத்தரில் 540 பேரை வைத்துப் பியூரிபையர் சோதனை செய்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இல்லை, நிறைமாதத்தில் பிறந்தவற்றில் மட்டும் 85 கிராம் கூடுதல். கணக்குப்பிள்ளை அண்ணா, இதை எப்படித் திருப்புவீர்கள் என்று தெரியும், வேண்டாம்.

அப்புறம் விடுமுறை. சம்பளத்தோடு 26 வாரம், அதில் பேறுக்கு முன்னால் எடுக்கக் கூடியது அதிகபட்சம் 8 வாரம். நவம்பரிலேயே போனால் நடுவில் வரும் மாதங்கள் சம்பளம் இல்லாமல்தான். இது எதுவுமே எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மருமகளுக்குக் கிடையாது. அவளுக்கும் ஆறாம் மாதம், கட்டட வேலை. காற்று மோசம் என்று கட்டட வேலைக்குத் தடை போட்டால் வேலையும் போகும், அடுப்புக்குக் கட்டை பொறுக்கி எரிப்பாள். அவளுக்கு அம்பாசமுத்திரம் எங்கே இருக்கிறது?

ஆர்கேபுரம் பெரியவர்
கௌரி சொல்வது சரி. ஆனால் கொசுவர்த்தியைக் குறை சொல்லாதே அம்மா, டெங்கு வந்தால் தெரியும்.

மயூர்விஹார் மீனா
கொசுவலை என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் மாமா.

கௌரி, வெந்நீர் அடுப்பை நான் மறக்கவில்லை, அதை ஒரு போனில் நிறுத்தலாம். டெல்லியை எந்த போனில் நிறுத்துவது? நேர்கோட்டுக் கணக்குப் போட்டு 15 கிராம் என்கிறார் இவர். தமிழ்நாட்டில் அளந்ததை 200, 300-க்கு அப்படியே நீட்டினால் அது கணக்கா, ஜோசியமா?

கணக்குப்பிள்ளை
நீட்டினால் கூடவும் வரலாம், குறையவும் வரலாம், புகையின் அளவு ஏற ஏறப் பாதிப்பு அதே வேகத்தில் ஏறாமல் மந்தமாவதும் உண்டு. உங்களுக்கு ஏன் கூடும் பக்கம் மட்டும் தெரிகிறது?

முனிர்க்காவாசி வீட்டம்மா
என் வீட்டுக்காரர் ஐ.டி.யிலிருந்தே எழுதுகிறேன். அனுப்பலாமா வேண்டாமா என்று எல்லோரும் பார்சலைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறீர்கள், நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் அடுத்த வாரம், அதை இங்கே என் டாக்டரிடம்தான் எடுப்பேன். அது நல்லபடியாக முடிந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீசில் கேட்கப்போகிறேன், கொடுத்தால் டிசம்பரில் போகிறேன், கொடுக்காவிட்டால் ஜனவரி. அம்மாவிடம் வெந்நீர் அடுப்பைப் பற்றிச் சொன்னேன், ஹீட்டர் தண்ணீரில் குளித்தால் உடம்பு வலி போகாது என்று சண்டை. கௌரி, எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பத்தடி, எந்த அளவு பியூரிபையர் வாங்க வேண்டும்?

கரோல்பாக் கௌரி
மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்றை வடிகட்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். உங்கள் அறைக்கு 170-க்குக் குறையாமல் பாருங்கள், 200 என்றால் நிம்மதி. மாற்றுப் பில்டர் விலையையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், இந்த ஊரில் ஒரு குளிர்காலத்திலேயே கறுத்துவிடும்.

கணக்குப்பிள்ளை
ஹீட்டர் விஷயத்தில் மட்டும் மீனா மேடம் கட்சி. பதினைந்து கிராமை நான் விடவில்லை.

மயூர்விஹார் மீனா
நானும்தான்.