சிச்சுவான் சமையல்: ஈராயிரம் ஆண்டுப் பழசா, இருநூறு ஆண்டுப் புதுசா?

மண்சட்டி:
தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் சாப்பாடு பற்றி எந்தக் காணொளியைப் பார்த்தாலும் "ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். சீனாவில் அதைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, ஹாங்சோவைச் சேர்ந்த காவ் லியன் 1591இல் எழுதியது. வெள்ளைப் பூ, தேய்ந்த தூரிகை முனை மாதிரிக் காய், சிவப்பு நிறம், உறைப்பு, பார்க்க வெகு அழகு என்கிறார். சமையலைப் பற்றி ஒரு வரி இல்லை, தோட்டத்துச் செடியாகத்தான் பார்த்திருக்கிறார். அது சிச்சுவான் அடுப்புக்கு வர அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் ஆனது. மிளகாய்க் குழம்பில் டோஃபுவைப் (சோயாப் பால்கட்டி) போட்டுச் செய்யும் மாப்போ டோஃபுவைக் காட்டி ஈராயிரம் என்றால் எப்படி?

கடுகுத்தாளிப்பு:
மிளகாய் வருமுன் அங்கே எல்லோரும் சப்பென்று சாப்பிட்டார்களா என்ன? 4ஆம் நூற்றாண்டில் சாங் சூ எழுதிய வரலாற்றிலேயே, ஷு நாட்டார், அதாவது இன்றைய சிச்சுவான்காரர்கள், உறைப்பும் மணமும் விரும்புகிறவர்கள் என்று இருக்கிறது. இஞ்சி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் சிச்சுவான் மிளகு இருந்தது. நம் மிளகுக்கும் அதற்கும் உறவில்லை, அது எலுமிச்சைக் குடும்பம். தோலைக் கடித்தால் முதலில் எலுமிச்சை மணம், கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துச் சிலிர்க்கும். அந்த ருசிக்குப் பழகிய ஊரில் மிளகாய் பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

மண்சட்டி:
எந்த ஊர் நண்பரே? 17ஆம் நூற்றாண்டுப் போர்களில் சிச்சுவான் பெருமளவு ஆளில்லாமல் போனது. அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசு ஹூபே, ஹுனான், குவாங்டோங் பக்கத்து மக்களைக் குடியேற்றியது. சமைத்த கைகளே மாறிவிட்டன. இன்று அந்தச் சமையலின் உயிர் என்று சொல்லப்படும் பிசியான் டோபான்ஜியாங் என்ற விழுது, ஃபாவா அவரையையும் மிளகாயையும் வெயிலில் புளிக்கவைத்துச் செய்வது. ஃபாவா அவரையும் மேற்கிலிருந்து வந்ததுதான்.

வடக்குவீதி:
நீங்கள் இருவரும் ஏழைகளை விட்டுவிட்டீர்கள். பக்கத்து மாகாணமான குய்சோவில் உப்பு விளையாது, வெளியிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். 1722ஆம் ஆண்டு மாவட்டக் குறிப்பேடு ஒன்று, அங்குள்ள மலைமக்கள் உப்புக்குப் பதில் மிளகாய் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. மிளகாய் மேலே ஏறியது இவர்கள் வழியாகத்தான், அரண்மனை விருந்து வழியாக அல்ல. மாப்போ டோஃபுவும் அப்படித்தான். 1862 வாக்கில் சிச்சுவான் தலைநகர் செங்டுவில் பாலத்தருகே கடை வைத்திருந்த சென் வீட்டம்மா, எண்ணெய் சுமக்கும் கூலிகளுக்காகச் செய்தது என்றே சொல்லிவருகிறார்கள்.

கடுகுத்தாளிப்பு:
சரி, அதே மிளகாய் ஹுனானுக்கும் போனது. அங்கே ஏன் அந்த மரப்பு இல்லை? குய்சோவில் ஏன் புளிப்போடு சேர்ந்தது? சிச்சுவானுக்குக் குடிவந்தவர்கள் உள்ளூர் மிளகைக் கைவிடாமல் மிளகாயோடு சேர்த்தார்கள். ஆட்கள் மாறியும் ருசி நின்றிருக்கிறது. அதைத்தான் நான் பழமை என்கிறேன்.

மண்சட்டி:
ருசி நின்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிச்சுவானில் பிறந்த சென் கென்மின் 1958இல் டோக்கியோவில் உணவகம் திறந்து, ஜப்பானியர் நாக்குக்காக உறைப்பைக் குறைத்தார். இறால் மிளகாய்க் குழம்பில் தக்காளி கெச்சப்பே சேர்த்தார். அங்கே மரப்பும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனாலும் ஜப்பானில் வீட்டுக்கு வீடு அதைச் சிச்சுவான் வழிச் சமையலாகவே சாப்பிடுகிறார்கள். உங்கள் கணக்கில் அதை எங்கே சேர்ப்பீர்கள்?

வடக்குவீதி:
என் கணக்கில் சேரும். பாலத்தருகே அந்த அம்மா செய்ததும் அதுதானே, எதிரில் பசியோடு நின்றவருக்கு ஏற்றபடி சமைத்தார்.

கடுகுத்தாளிப்பு:
என் கணக்கில் சேராது. மிளகை எடுத்துவிட்டால் அது ஜப்பானியச் சமையல், நல்ல சமையல். சிச்சுவான் பெயர் வேண்டாம்.