ஸ்லெண்டர் மேன்: உங்களுக்கு எப்போது பயம் விட்டுப்போனது? (அனுபவப் பகிர்வு)

கருங்காக்கை

'ஸ்லெண்டர்: தி எயிட் பேஜஸ்' விளையாட்டை இங்கே யாருக்கும் அதிகம் விளக்கத் தேவையில்லை: இருட்டுக் காட்டில் எட்டுக் காகிதங்களைத் தேட வேண்டும், ஸ்லெண்டர் மேன் என்ற முகமில்லாத, மிக உயரமான இணையப் பேய் பின்தொடரும். 2012இல் இலவசமாக வந்தது, எல்லோரும் தரவிறக்கினோம், எல்லோரும் அலறினோம். ஆனால் என் தம்பி அலறவில்லை. இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்துவது அதுதான்.

நான் அதை முன்பே ஆடி முடித்திருந்தேன். (முடித்தேன் என்றால் செத்தேன் என்று பொருள். அதில் வேறு முடிவு ஏது?) அவனிடம் ஒன்றும் சொல்லாமல் உட்கார வைத்தேன். மரத்திலிருந்து முதல் காகிதத்தை எடுத்ததும் அந்தத் தொம், தொம் ஓசை தொடங்கியது. "அண்ணா, யார் நடக்கிற சத்தம் இது?" என்று கேட்டான். "நீதான் நடக்கிறாய்" என்றேன். பிறகு ஓடு பதித்த அந்தக் கழிப்பறைக் கட்டடத்துக்குள் அவனாகவே நுழைந்தான். ஒரு மூலை திரும்பினான், இன்னொரு மூலை திரும்பினான், திரை முழுவதும் இரையத் தொடங்கியது. லேப்டாப்பை அறைந்து மூடினான். மூடிய பிறகும் சில விநாடிகள் உள்ளேயிருந்து அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது அவன் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் கதவுதான். ஆனாலும் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரச் சற்று நேரமாயிற்று.

போன மாதம் இதே தம்பி ஸ்லெண்டர் மேன் படத்தை வைத்து ஒரு மீம் அனுப்பினான். முகமில்லாத கோட்டுக்காரன், கீழே "திங்கட்கிழமை காலையில் நான்." அந்த இரவு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "எந்த இரவு?" என்றான்.

உங்களுக்கெல்லாம் எப்போது விட்டுப்போனது?

பின்னிரவு வாசகன்

அந்த விளையாட்டுதான் ஸ்லெண்டர் மேனைக் கெடுத்தது என்பது என் கட்சி. எட்டுக் காகிதம், எட்டு இடம், எடுக்க எடுக்க வேகம் கூடும். விதிமுறை தெரிந்துவிட்ட பேயிடம் எதற்குப் பயப்பட வேண்டும்?

'மார்பிள் ஹார்னெட்ஸ்' பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2009 ஜூனில் யூடியூபில் தொடங்கிய தொடர். பாதியில் கைவிட்ட ஒரு மாணவப் படத்தின் ஒளிநாடாக்களை நண்பன் ஒருவன் போட்டுப் பார்க்கிறான், அவ்வளவுதான் கதை. அதில் அவனுக்கு ஸ்லெண்டர் மேன் என்ற பெயரே கிடையாது, 'ஆபரேட்டர்' என்பார்கள். வருவதும் சில விநாடிகள்தான். படம் கோணும், ஒலி கிழியும், முடிந்துவிடும்.

ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று சலித்துக்கொண்டேன். கீழே யாரோ ஒரு நிமிடக் குறிப்பைப் போட்டிருந்தார்கள். திரும்பப் போய்ப் பார்த்தேன். பின்னணியில் நின்றுகொண்டிருந்தான். நான் சலித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நின்றிருக்கிறான்.

அதற்குப் பின் நண்பர்களோடு போன பழைய சுற்றுலா வீடியோ ஒன்றைப் போட்டேன். முன்னால் அவர்கள் ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள், என் கண் மட்டும் பின்னால் இருக்கும் மரங்களை ஒவ்வொன்றாகத் துழாவுகிறது. இன்றும் எந்த வீடியோவையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆகவே, கருங்காக்கை, எனக்கு முழுதாக விட்டுப்போகவில்லை.

மரநிழல்

இரவுப் பஸ், ஜன்னலோர இருக்கை, எல்லோரும் தூக்கம். ஒரு வளைவில், தெருவிளக்குக்கு அடியில் அல்ல, விளக்குக்குப் பக்கத்தில், விளக்கில் பாதி உயரத்துக்கு ஒருவன். கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. பஸ் கடக்கக் கடக்க அவன் தலை எங்களோடு திரும்பியது. முகம் இருந்ததா என்று கேட்காதீர்கள், இருந்திருந்தால் நினைவிருக்கும்.

ஸ்லெண்டர் மேன் 2009இல் இணையத்தில் கண்டுபிடித்த கதை என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மரச்செதுக்குப் படங்களிலேயே அவன் இருக்கிறான். காட்டுக்குள் குழந்தைகளைக் கொண்டுபோகிறவன். இணையம் அவனுக்குப் பெயர் வைத்தது, அவ்வளவே.

சான்று எங்கே

மரநிழல், உங்கள் பஸ்ஸில் நான் ஏறவில்லை, அதைப் பற்றிப் பேச மாட்டேன். மரச்செதுக்கைப் பற்றிப் பேசுவேன்.

2009 ஜூன் 10. சம்திங் ஆஃபுல் என்ற அமெரிக்கத் தளம். சாதாரணப் புகைப்படங்களை ஃபோட்டோஷாப்பில் திருத்தி அமானுஷ்யப் படங்களாக்கிக் காட்டுங்கள் என்று அங்கே ஒரு போட்டி. 'விக்டர் சர்ஜ்' என்ற பெயரில் எரிக் நுட்சன் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டார். குழந்தைகள், அவர்களுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டில் மிக உயரமான ஒருவன். படத்தோடு நிற்காமல், அந்தப் புகைப்படக்காரரே காணாமல் போய்விட்டார் என்ற தோரணையில் பழைய ஆவணத் துணுக்குகள் போலச் சில வரிகளையும் சேர்த்தார். எல்லோரையும் பிடித்தது அந்த வரிகள்தான். படத்தை மட்டும் போட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள்.

ஜெர்மானியக் கதை, செதுக்குப் படங்கள் எல்லாம் அதன் பிறகு மற்றவர்கள் அடுக்கியவை. ஒருவர் பழங்கதை எழுதினார், இன்னொருவர் உண்மையான பழைய செதுக்குப் படத்தைத் திருத்தினார். பொய் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் ஆளுக்கொரு செங்கல் வைத்தார்கள். ஒரு நாட்டார் கதை உருவாவதைத் தேதி வாரியாகப் பார்க்க முடிந்த அபூர்வம் இது. அதனால்தான் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் இவனைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள்.

என் அனுபவம் சின்னது. நானும் ஒரு படம் செய்தேன். ஆளில்லாத ஒரு விளையாட்டுத் திடல், ஊஞ்சலுக்குப் பின்னால் அவன். அத்தை மகனுக்கு மட்டும் அனுப்பினேன். வெகுநாள் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் ஒரு குழுவில் அதே படத்தைப் போட்டார். இப்போது அதற்கு ஓர் ஆண்டு இருந்தது, இறந்துபோன ஒரு சிறுமி இருந்தாள். "இது நான் செய்த படம்" என்று எழுதினேன். "எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று பதில் வந்தது.

இளவேனில்

நான் அப்போது ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் செய்தி வந்த சமயம். தெரியாதவர்களுக்காக: 2014 மே 31, வாக்கெஷா என்ற ஊர். 12 வயதுச் சிறுமிகள் இருவர் தங்கள் தோழியைக் காட்டுக்குள் அழைத்துப் போய் 19 முறை கத்தியால் குத்தினார்கள். ஸ்லெண்டர் மேனுடைய சேவகர்கள் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவன் தங்கள் குடும்பத்தைக் கொன்றுவிடுவான் என்று நம்பியிருக்கிறார்கள். குத்துப்பட்ட குழந்தை ஊர்ந்து வெளியே வந்து, சைக்கிளில் போன ஒருவர் கண்ணில் பட்டு, பிழைத்துக்கொண்டாள். குத்தியவர்கள் அவனுடைய மாளிகையைத் தேடி நடந்துகொண்டிருந்தபோது பிடிபட்டார்கள்.

அந்த வாரம் நோட்டுப் புத்தகம் திருத்தும்போது ஒரு மாணவியின் கடைசிப் பக்கத்தில் அவனை வரைந்திருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் அவனுடைய அடையாளம்: வட்டத்துக்குள் பெருக்கல் குறி. இருபுறமும் குழந்தைகள் அவன் கையைப் பிடித்திருந்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டு, இது யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்தி, "மிஸ், அவர் தனியாக இருக்கும் பிள்ளைகளிடம் மட்டும்தானே வருவார்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது பயத்தில் அல்ல. வருவாரா என்றுதான் கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை, அவள் கேட்ட விதம் மட்டும் இருக்கிறது.

அதன்பின் அவனை வைத்து விளையாட என்னால் முடியவில்லை. பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அனுபவசாலி அப்பா

சகோதரி இளவேனில் எழுதியதைப் படித்ததும் சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றியது. 2019 பிப்ரவரியில் மோமோ என்ற இணையப் பேய் முகத்தைப் பற்றிய பீதி பரவியபோது என் மகன் கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுத்தான். என் அனுபவம் அவ்வளவுதான்.

பெற்றோர் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில், உங்கள் பிள்ளை கேள்விப்படாத பெயரை நீங்களே போய்ச் சொல்லாதீர்கள். மோமோ விஷயத்தில் நடந்தது இதுதான். குழந்தைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் அறைகூவல் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை பறந்தது. அப்படி ஒரு வீடியோவுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று யூடியூப் சொன்னது. அந்த முகத்தைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்ததே எச்சரித்த பெரியவர்கள்தான். இரண்டாவது, அது எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள். மோமோ என்பது ஜப்பானியக் கலைஞர் கெய்சுகே ஐசோ செய்த பறவைப்பெண் சிலை, 2016இல் டோக்கியோவில் காட்சிக்கு வைத்தது. பிறகு மக்கிப்போய் 2018இலேயே தூக்கி எறிந்துவிட்டார். என் மகனிடம் "அது அழுகிப்போயிற்று, குப்பையில் போட்டுவிட்டார்கள்" என்றதும் அவன் சிரித்தான், அன்றிரவு தனியாகவே போனான். மூன்றாவது, சிரிக்காத பிள்ளையைக் கவனியுங்கள். பொய் என்று காட்டிய பிறகும் ஒரு குழந்தை அதனோடு பேசிக்கொண்டிருந்தால் அது கதையின் கோளாறு அல்ல, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாக்கெஷா வழக்கிலும் இருவருக்கும் கிடைத்தது சிறை அல்ல, மனநல நிறுவனம். ஒருவருக்கு 25 ஆண்டு வரை, மற்றவருக்கு 40 ஆண்டு வரை. நான்காவது, இரவில் கைபேசியை அறைக்கு வெளியே வையுங்கள். ஐந்தாவது...

கடைசி வரிசை

ஐந்தாவதை அவரே வைத்துக்கொள்ளட்டும். கேள்வி, பயம் எப்போது விட்டுப்போனது என்பதுதானே?

எனக்குத் தேதியே தெரியும். 2018 ஆகஸ்டில் ஹாலிவுட் படம் வந்த வாரம். பாதி காலியான அரங்கம். முன் வரிசையில் ஒரு பையன். திரையில் மரங்களுக்கிடையே ஸ்லெண்டர் மேன் முழு உருவத்தோடு வந்து நிற்கிறான், கைகளெல்லாம் கிளை கிளையாக விரிகின்றன, இசை காதைக் கிழிக்கிறது. அந்தப் பையன் தலையை நிமிர்த்திப் பார்த்தான், மறுபடி கைபேசிக்குக் குனிந்துவிட்டான். எனக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் மணி என்ன என்று பார்த்தேன்.

இளவேனில் சொல்வதை மறுக்கவில்லை. அந்தப் படம் வருவதற்கு முன்பே, குத்திய சிறுமிகளில் ஒருத்தியின் தந்தை அதைக் கண்டித்தார். வாக்கெஷா வட்டாரத்தில் ஒரு திரையரங்கக் குழுமம் அதைத் திரையிடவே இல்லை. ஆனால் துயரம் மட்டும் ஒரு கதையைக் கொல்வதில்லை. துயரத்துக்குப் பிறகு கதையை யாரும் தொட முடியாமல் போனதுதான் கொன்றது. ஒருபுறம் எழுதக் கூச்சம், மறுபுறம் உரிமை, உரிமம், ஒப்பந்தம். ஊரே சேர்ந்து வளர்த்த பிள்ளைக்குத் திடீரென்று வக்கீல் வந்துவிட்டார். புதிதாக எழுத வந்தவர்கள் வேறு பேயைத் தேடிப் போனார்கள். பின்னிரவு வாசகன், உங்கள் மார்பிள் ஹார்னெட்ஸும் 2014 ஜூனில்தானே முடிந்தது?

பின்னிரவு வாசகன்

ஆம். ஆனால் அது முன்பே திட்டமிட்ட முடிவு. கதை தானாக நிறைந்து நின்றது. அதைச் சாவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சதுரமுகம்

நான் இங்கே இளையவள் என்று நினைக்கிறேன். நீங்கள் எல்லோரும் சொல்கிற பயம் எனக்கு வந்ததே இல்லை. மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் எண்டர்மேன் என்ற உருவம்தான் எனக்கு முதலில் தெரியும். கறுப்பு, உயரம், நீண்ட கைகள். நேராகப் பார்த்தால் தாக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகியிருந்தேன்.

ஒருநாள் அக்கா அவளுடைய பழைய கோப்புகளைக் காட்டினாள். அதில் ஸ்லெண்டர் மேன் படம். அக்கா நான் அலறுவேன் என்று காத்திருந்தாள். நான், "எண்டர்மேனைப் பார்த்து யாரோ வரைந்திருக்கிறார்கள்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் பேயை ஒருத்தி பறித்துக்கொண்டது போல இருந்தாள். இன்றுவரை அதைச் சொல்லிச் சண்டை போடுகிறாள்.

எனக்குப் பயம் பேக்ரூம்ஸ்தான், முடிவில்லாத வெற்று அறைகளைப் பற்றிய இணையத் திகில் கதை. மஞ்சள் சுவர், ஈரக் கம்பளம், விளக்கின் ரீங்காரம். அங்கே யாரும் நிற்கக்கூட வேண்டாம்.

சான்று எங்கே

அக்கா பக்கம்தான் நியாயம். எண்டர்மேன் வந்தது 2011 செப்டம்பரில், ஸ்லெண்டர் மேனுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அவனைப் பார்த்துச் செய்ததுதான் இது. பேக்ரூம்ஸ் பரவியது 2019 மே மாதம், ஒரே ஒரு புகைப்படத்திலிருந்து. அந்த இடத்தையும் 2024இல் கண்டுபிடித்துவிட்டார்கள்: சீரமைப்பு நடந்துகொண்டிருந்த ஒரு பொழுதுபோக்குப் பொருள் கடையின் மாடி. அதுவும் விஸ்கான்சின் மாநிலம்தான், ஓஷ்கோஷ். இதிலிருந்து யாரும் புதுக் கதை கட்ட வேண்டாம், தற்செயல்.

மரநிழல், அந்த மரச்செதுக்குப் படம் உங்களிடம் இருந்தால் இங்கே போடுங்கள். எந்தப் படத்தைத் திருத்தியது என்று பார்த்துச் சொல்கிறேன்.

மரநிழல்

பழைய கைபேசியில் இருக்கிறது, எடுத்துப் போடுகிறேன். படத்துக்கு அடியில் 16ஆம் நூற்றாண்டு, ஜெர்மனி என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தது ஆங்கிலத்தில்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கடை மாடி, தேதி, மாதம் எல்லாம் சரி. பஸ்ஸோடு சேர்ந்து திரும்பிய தலைக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?