ஒன்பது சதுர பிளாக்குகள் அரை அங்குலம் குறைகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து)

வணக்கம். என் மகளுக்கு மார்கழியில் குழந்தை பிறக்கவிருக்கிறது. அந்தக் குழந்தைக்காக முதன்முறையாகக் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) ஒன்றைத் தைக்கத் தொடங்கியிருக்கிறேன். ரவிக்கையும் பாவாடையும் முப்பது ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன் என்றாலும், இந்த வேலையில் என் கணக்குகள் எதுவும் சரியாக வரவில்லை.

அமெரிக்க அளவுக் குறிப்பு ஒன்றைப் பின்பற்றுகிறேன். 2½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசைகளாக இணைத்தால் ஒரு பிளாக் கிடைக்கும். இத்தகைய பிளாக்குகள் 18, ஒரே துணியில் 6½ அங்குலத்துக்கு வெட்டிய வெற்றுச் சதுரங்கள் 17 ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்து, அகலத்தில் ஐந்தும் நீளத்தில் ஏழுமாக இணைக்க வேண்டும். பத்து பிளாக்குகளை முடித்து அளந்தபோது அவை ஆறு அங்குலம் இருந்தன. குறிப்பிலும் "முடிந்த அளவு 6 அங்குலம்" என்றே இருந்ததால் மகிழ்ச்சியாகவே இருந்தேன். வெற்றுச் சதுரத்தை அருகில் வைத்தபோதுதான் அது அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். மேலும், பத்து பிளாக்குகளும் ஒரே அளவில் இல்லை. சில 5⅞ அங்குலமாகவும் சில 6⅛ அங்குலமாகவும் உள்ளன.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்துணி, நடுவில் ஃபைபர் ஷீட் (செயற்கைப் பஞ்சு விரிப்பு), அடித்துணி மூன்றையும் வைத்து ஒரு சிறு துண்டில் தைத்துப் பார்த்தேன். மேலே அழகாக இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடித்துணி முழுவதும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளும் கால்மிதி மெஷினில்தான் தைத்தேன். இந்த ஆண்டுதான் ஜிக்ஜாக் வசதியுள்ள மின்சார மெஷின் வாங்கினேன். குறை மெஷினிலா, என் கையிலா என்று தெரியவில்லை.

மறுமொழி 1 (டொராண்டோவிலிருந்து)

அன்புச் சகோதரி, குவில்ட் குறிப்புகளில் "முடிந்த அளவு" என்பது, அந்த பிளாக் நான்கு பக்கமும் மற்ற பிளாக்குகளோடு இணைக்கப்பட்ட பிறகு கண்ணுக்குத் தெரியும் அளவு. கையில் தனியாக இருக்கும்போது அதற்கு இருபுறமும் கால் அங்குலத் தையல் பிடிப்பு (தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் இடையில் விடும் துணி) சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் பிளாக் இப்போது 6½ அங்குலம் இருந்திருக்க வேண்டும். ஆறு அங்குலம் என்ற எண் குறிப்போடு ஒத்துப்போனது தற்செயல்தான். முதல் குவில்ட் தைக்கும்போது நானும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தேன்.

அந்த அரை அங்குலம் எங்கே போனது என்பதற்கு என் ஊகம் இது. துணியை அழுத்திப் பிடிக்கும் தையல் காலின் வலது விளிம்போடு துணியின் ஓரத்தைப் பொருத்தி ஓட்டியிருப்பீர்கள். பழைய கால்மிதி மெஷினின் கால் குறுகலானது. ஜிக்ஜாக் மெஷினின் கால் அகலமானது. ஊசியிலிருந்து அந்த விளிம்புவரை அளந்து பாருங்கள், பெரும்பாலும் மூன்று நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இருக்கும். நமக்கு வேண்டியதோ இரண்டு நூல். ஒரு தையலுக்கு இரு துண்டுகளிலும் ஒவ்வொரு நூல் கூடுதலாகப் போகிறது; ஒரு வரிசையில் இரண்டு தையல்கள் இருப்பதால் நான்கு நூல், அதாவது சரியாக அரை அங்குலம். ரவிக்கையில் இந்த வேறுபாடு உடம்பில் மறைந்துவிடும், இங்கே ஒவ்வொரு தையலிலும் சேர்ந்துகொண்டே போகும்.

ஊசியை வலப்புறம் நகர்த்தும் வசதி மெஷினில் இருந்தால் நகர்த்துங்கள். இல்லையென்றால் ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி, மெஷின் தட்டின்மேல் காகிதநாடா ஒட்டி அதன் ஓரத்தில் துணியை ஓட்டுங்கள். அந்தக் கால் அங்குலத்திலும் ஓர் இழை குறைவாகவே தைக்க வேண்டும், ஏனெனில் தையலை மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பே ஓரிரு இழைத் துணியை விழுங்கிவிடும். சரிபார்க்க எளிய வழி: 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்து அழுத்துங்கள். நடுப்பட்டை ஒரு அங்குலமும் மொத்தம் 3½ அங்குலமும் வந்தால் மேற்கொண்டு தைக்கலாம். வராவிட்டால் நாடாவை நகர்த்தி மீண்டும் பாருங்கள். இதற்குச் செலவாகும் அரை மணி நேரம் உங்களுக்குப் பத்து பிளாக்குகளைக் காப்பாற்றித் தரும்.

பிளாக்குகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கு இஸ்திரிதான் காரணமாக இருக்கும். சட்டைக்குத் தேய்ப்பதுபோலப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் சிறு சதுரங்கள் நீண்டுவிடும். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முதல் வரிசையின் தையல் பிடிப்புகளை வலப்புறமும் இரண்டாம் வரிசையினுடையவற்றை இடப்புறமும் சாய்த்து அழுத்தினால், வரிசைகளை இணைக்கும்போது அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மூலைகள் சரியாகச் சந்திக்கும். பிடிப்பை விரித்து அழுத்துவோரும் உண்டு. பிளாக் தட்டையாக வரும் என்பது உண்மை, ஆனால் புதிதாகத் தைப்பவருக்கு அந்தப் பூட்டுதான் பெரிய உதவி.

முடித்த பத்தையும் பிரிக்க வேண்டாம். அனைத்தையும் 5⅞ அங்குலத்துக்குச் சதுரமாகத் தறித்து, வெற்றுச் சதுரங்களையும் அதே அளவுக்குக் குறைத்துவிடுங்கள். மீதி எட்டையும் பழைய மூன்று நூல் பிடிப்பிலேயே தைத்து, பிளாக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது மட்டும் இரண்டு நூலுக்கு மாறுங்கள். முடிவில் ஏறத்தாழ 27க்கு 37½ அங்குலம் கிடைக்கும். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளிலிருந்து, அளவுகோலுக்குக் கட்டுப்படாமல் தைத்த குவில்ட்கள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006இல் அஞ்சல்தலைகளாகவும் வந்தன. அரை அங்குலக் குறைவுக்காக நீங்கள் வருந்தத் தேவையில்லை.

மறுமொழி 2 (கரூரிலிருந்து)

அம்மா, நான் வீட்டு உபயோகத் துணிகள் தைக்கும் தொழிலில் இருப்பவன். அடித்துணி சுருங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மெஷினின் பற்கள் அடியில் உள்ள துணியை மட்டுமே இழுக்கின்றன; மேல்துணி அந்த வேகத்துக்கு வராமல் பின்தங்கும். நடுவில் வழுக்கும் ஃபைபர் ஷீட் இருந்தால் இந்த வேறுபாடு இன்னும் கூடும். வாக்கிங் ஃபுட் என்று தனியாக விற்கும் காலுக்கு மேற்புறமும் பற்கள் உண்டு. அதைப் பொருத்தினால் மூன்று அடுக்குகளும் சேர்ந்து நகரும்.

ஆனால் அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடித்துணியை நான்கு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் பெரிதாக வெட்டி, தரையில் தவறான பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, விறைப்பாக, அதேசமயம் இழுபடாமல், ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டு, ஒவ்வொரு கை அகலத்துக்கும் ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். கச்சா தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடப் பொறுமை இருந்தால் அது இன்னும் நல்லது. தைக்கும்போதும் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிச் செல்லுங்கள். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் வெயிலுக்குத் தடித்த ஃபைபர் வேண்டாம், மெல்லிய பருத்தி பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) போதும். சிவப்புச் சுங்குடி ஏதேனும் சேர்த்திருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று இப்போதே பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

அக்கா, தம்பி, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊசியிலிருந்து அளந்தேன், மூன்று நூலேதான். டூ பை டூ ரவிக்கைத் துணி மெலிதாக நழுவியதால், எஞ்சிய துணிக்கு வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போட்டுப் பார்த்தேன். சதுரங்கள் காகிதம்போல நின்றன, இதுவரை தைத்த நான்கும் ஒரே அளவில் வந்துள்ளன. பின் குத்தித் தைத்த புதிய மாதிரியில் அடிப்பக்க மடிப்பும் இல்லை. இனி ஓரப்பட்டிதான். ரவிக்கைக்கு வெட்டுவதுபோலக் கிராஸில் (துணியின் சாய்வு வாக்கில்) வெட்ட வேண்டுமா?

மறுமொழி 1

வளைவான ஓரத்துக்குத்தான் கிராஸ் வேண்டும். உங்கள் ஓரங்கள் நேரானவை, துணியின் நேர் இழையிலேயே வெட்டலாம். 2½ அங்குலப் பட்டைகளை ஒன்றோடொன்று தைத்து இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து அழுத்தி, மேற்பக்கத்தில் வைத்துத் தையுங்கள். மூலைக்கு இரண்டு நூல் முன்பே நிறுத்தி, துணியை வெளியே எடுத்து, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு கீழே இறக்கி அடுத்த ஓரத்தைத் தொடங்குங்கள். பின்பக்கம் கையால் மறைதையல் போடுங்கள். கஞ்சி பூச்சிகளை ஈர்க்கும், ஆகவே முடிந்ததும் ஒருமுறை அலசி விடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஒரு வயது நிறையும்வரை, குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதுவரை இதைத் தரையில் விரித்து, பெரியவர்கள் அருகில் இருக்கும்போது, குழந்தை குப்புற விழுந்து விளையாடும் விரிப்பாகப் பயன்படுத்துங்கள்.