நாதஸ்வர செட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்வது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மாடி ஸ்டூடியோ, கும்பகோணம்:

வணக்கம். வீட்டு மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்துகிறேன். 10க்கு 16 அடி அறை, சுவரெல்லாம் ஃபோம், ஸ்பிளிட் ஏசி. நான்கு வருடமாகப் பக்திப் பாட்டு, விளம்பரக் குரல், பரதநாட்டிய வகுப்புகளுக்கு ஜதி என்றுதான் வேலை. அடுத்த மாதம் முதல்முறையாக ஒரு முழு மேள செட் வருகிறது. இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம். மூத்த நாயனக்காரருக்கு 72 வயது. 50 வருடத்துக்கு மேல் கோயிலில் வாசித்தவர், ஒரு கேசட்கூட வந்ததில்லை. மகன்தான் இப்போது ஏற்பாடு செய்கிறார். ஒரு மல்லாரி, தோடி ஆலாபனை, இரண்டு கீர்த்தனை, முடிந்தால் தவில் தனி.

மகன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கிளிக் (காதில் தாளம் காட்டும் டிக்டிக் சத்தம்) வைத்து எடுக்கலாம் என்கிறார், பிறகு சரிசெய்ய வசதியாம். என்னிடம் பெரிய கண்டென்சர் இரண்டு, சின்ன கண்டென்சர் ஒரு ஜோடி, டைனமிக் இரண்டு இருக்கின்றன. போன வருடம் ஒரு கல்யாண வீடியோவுக்காக நாயனம் எடுத்தேன். நாயனத்தின் அகன்ற வாயான அணசுக்கு நேரே ஓர் அடியில் மைக். தகரத்தைக் கீறுவது மாதிரி வந்தது, ஈக்யூவில் எவ்வளவு குறைத்தும் போகவில்லை. இந்தப் பெரியவரின் வாசிப்பை அப்படிக் கெடுத்துவிடக் கூடாது. எப்படி எடுப்பது?


நைட் மிக்ஸ், மதுரை:

தனித்தனியாக எடுப்பதே நல்லது சகோ. தவில் எல்லா மைக்கிலும் ஏறிவிடும், அப்புறம் மிக்ஸில் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் கிளிக்குக்குத் தாளம், அதன் மேல் தவில், கடைசியில் நாயனம். நான் நாட்டுப்புறப் பாட்டெல்லாம் அப்படித்தான் எடுக்கிறேன்.


பழைய ஃபேடர், சென்னை:

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். உடனே எழுத உட்கார்ந்தவன் பழைய ஞாபகங்களில் போய்விட்டேன். இன்று நிதானமாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 1997இல் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கேபிள் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். அப்போதும் அங்கே 2 அங்குல டேப் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஓட்டிய வேகத்தில் ஒரு ரோல் 16 நிமிடம்தான் வரும். ஒருநாள் ஒரு வித்வான் ஆலாபனையில் மேல் ஸ்தாயிக்குப் போய் அப்போதுதான் சூடு பிடிக்கிறார், ரோல் தீர்ந்து டேப் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. எங்கள் இன்ஜினியர் மெஷினை நிறுத்தாமல் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வித்வானுக்குத் தெரியாது, முழுவதும் வாசித்து முடித்தார். அந்த வாசிப்பு எங்கும் இல்லை. உங்களுக்கு இன்று ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அவர் உள்ளே வருவதற்கு முன்பே ரெக்கார்டை அழுத்திவிடுங்கள், அவர் காரில் ஏறும்வரை நிறுத்தாதீர்கள்.

இப்போது தனித்தனியாக எடுப்பது. மதுரைத் தம்பி சொல்வது தொழில்முறையில் சரியான கவலைதான். அதே கவலையில் நானும் ஒருமுறை அப்படி எடுத்தேன். 2003 அல்லது 2004. ஒரு கேசட் கம்பெனிக்காக. தவில்காரரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் கிளிக் கொடுத்து எடுத்தாயிற்று. மறுநாள் நாயனக்காரர் வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். நாலு டேக். நாலிலும் ஸ்ருதி ஏறிக்கொண்டே போனது. மிகப் பெரிய ஞானஸ்தர், அவருக்கே ஏன் என்று புரியவில்லை. அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதைப் போட்டா என் வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னே எனக்குக் கேக்கல. அந்த டிக்டிக் வேற, நான் சாஞ்சா அதுவும் சாயணும்ல? அது பாட்டுக்கு நிக்குது" என்றார்.

எனக்கு அன்றுதான் நாயனம் என்றால் என்னவென்று விளங்கியது. நாயனத்தில் வாசிக்க ஏழு துளைகள்தான். அதற்குக் கீழே இருக்கும் ஐந்தையும் விரல் தொடாது. இந்த ஏழை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களையும் அவற்றுக்கு நடுவே இருக்கிற அசைவுகளையும் வாயில் வைத்து ஊதும் நாணல் நாக்கான சீவாளியில் உதட்டின் பிடியாலும் மூச்சின் அழுத்தத்தாலும்தான் கொண்டுவருகிறார்கள். அதாவது ஸ்ருதி விரலில் இல்லை, வாயில் இருக்கிறது. வாயை நடத்துவது காது. காதை மூடினால் இன்னும் பலமாக ஊதுவார், பலமாக ஊதினால் ஸ்ருதி ஏறும். நான் அந்தப் பெரிய மனிதரின் காதை மூடிவிட்டு ஸ்ருதி ஏறுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே எல்லாரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். ஹெட்ஃபோனும் கிளிக்கும் வேண்டாம். நாயனக்காரரின் கண் தவில்காரரின் கை மேல் இருக்க வேண்டும். தாளத்தை முடித்துவைக்கும் மோரா வரும்போது அவர்கள் பார்த்துக்கொள்வதைக் கவனியுங்கள், தாளக்கணக்கு முழுக்க அந்தப் பார்வையில்தான் ஓடும். தவில் நாயன மைக்கில் ஏறத்தான் செய்யும். ஏறட்டும். தூரத்தையும் கோணத்தையும் சரியாக வைத்தால் அப்படி ஏறுகிற சத்தமே நல்ல சத்தமாக இருக்கும்.

உங்களுக்குத் தகரம் மாதிரி வந்ததற்குக் காரணம் அணசு. நாயனத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேரே மைக் வைத்தால் கூர்மை மட்டும்தான் கிடைக்கும். பெரிய கண்டென்சரை 4, 5 அடி தள்ளி, அவர் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, உலவின், அதாவது மரக்குழாயின், நடுப்பாகத்தைப் பார்த்து வையுங்கள். மைக்கில் சத்தத்தைக் குறைக்கும் 10 டிபி பேட் இருந்தால் போட்டுவிடுங்கள். மீட்டரில் பீக் மைனஸ் 12 டிபியைத் தாண்ட வேண்டாம், உச்சிக்குப் போகும்போது அவர் உங்களைக் கேட்டுவிட்டுப் போகமாட்டார். எங்காவது ரிப்பன் மைக் வாடகைக்குக் கிடைத்தால் அதையே முதலில் வைத்துப் பாருங்கள். மேலே கீறுகிற பகுதியை அது இயல்பாகவே தணித்துக் கொடுக்கும். டைனமிக் இரண்டும் தவில்களுக்குப் போகட்டும். ஜோடி மைக்கை எல்லாருக்கும் முன்னால் ஏழெட்டு அடியில் நிறுத்துங்கள். நான் மிக்ஸில் முதலில் இந்த ஜோடியைத்தான் திறப்பேன், மற்றதெல்லாம் இதற்கு முட்டுக் கொடுக்க.

ஏசி விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 30 டிகிரியில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர், 20 டிகிரியில் 343. குழாய் முழுவதும் குளிர்ந்துவிட்டால் ஸ்ருதி அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கும். ஊத ஊதக் குழாய் சூடாகும், ஸ்ருதியும் ஏறும். தவில் தோலோ ஏசியின் வறட்சியில் இறுகி மேலே போகும். ஸ்ருதிப் பெட்டி எதற்கும் அசையாமல் நிற்கும். மூன்றும் மூன்று பக்கம். அவர்கள் வருவதற்கு 2 மணி நேரம் முன்பே 26, 27 டிகிரியில் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள், டேக்கின்போது சத்தத்துக்காக அணைப்பதாக இருந்தால் அந்த ஐந்து பத்து நிமிடம் மட்டும். பெட்டியை நாயனத்துக்குச் சேருங்கள். ஸ்ருதி இரண்டு கட்டையா இரண்டரையா என்று மகனிடம் கேட்காதீர்கள், பெரியவரை ஊதச் சொல்லிக் காதால் சேருங்கள்.

தோடி எடுக்கப்போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை நான் எடுத்துக் கொடுத்த தோடியை வேறு ஒருவர் பிட்ச் திருத்தும் மென்பொருளில் போட்டுவிட்டார். தோடியில் காந்தாரம் என்ற ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. மென்பொருளுக்கு அது தப்பு. இழுத்து நேர்க்கோடாக வைத்துவிட்டது. கேட்டபோது எனக்கு உடம்பு ஆடிவிட்டது. ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்து வாசித்துத் தன் பெயரோடு சேர்த்துவிட்டுப் போன ராகம் அது. உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து போகும் கோப்பில் யாரும் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று மகனிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்லாரியை உங்கள் அறையில் எடுக்காதீர்கள். சுவாமி புறப்பாட்டுக்குக் கல் பிராகாரத்தில் நின்று, நடந்து வாசிப்பது அது. இரண்டு தவிலோடு 10க்கு 16 ஃபோம் அறைக்குள் அடைத்தால் மூச்சு முட்டும். கும்பகோணத்தில் முற்றம் வைத்த பழைய வீடுகளுக்கா பஞ்சம்? சுண்ணாம்புச் சுவர், மரத்தூண், மேலே வானம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விடிகாலை ஐந்தரைக்கு, தெருவில் வண்டி ஓடுவதற்கு முன் போய்விடுங்கள். நிற்கவைத்து எடுங்கள். தோடிக்கு உங்கள் அறை போதும், பாதி ஃபோமை மட்டும் கழற்றிவிடுங்கள்.


தவில் வீட்டுப் பெண்:

மேலே ஐயா எழுதியதைப் படித்ததும் என் அப்பாவுக்காக நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்பா 40 வருடமாகத் தவில் வாசிக்கிறார். ஒரு ஸ்டூடியோவில் சத்தம் அதிகம் என்று தவிலின் வலது முகமான வலந்தலையின் மேல் துண்டைப் போட்டுவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அவர் வலது கை விரல்களில் போடுகிற கூடு, துணியில் பசை தடவிச் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருக்கும். அதை மாட்டிக்கொண்டால் டம்ளர் பிடிக்க வராது, பேனா பிடிக்க வராது. டேக்குக்கு டேக் நடுவில் கையெழுத்துப் போடுங்கள், ஃபார்ம் நிரப்புங்கள் என்று நீட்டாதீர்கள். காபி கொடுத்தால் யாராவது கிட்டப் போய்க் கொடுங்கள். ஸ்டூல் வேண்டாம், ஜமக்காளம் விரியுங்கள். பணத்தை அன்றைக்கே, மகனிடம் மொத்தமாக இல்லாமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். தாளம் போடுகிறவருக்கும்.


நைட் மிக்ஸ், மதுரை:

ஃபேடர் அண்ணே, காந்தாரம் பற்றி எழுதியதற்கு நன்றி. நானும் அந்த மென்பொருளை நாயனத்தில் போட்டிருக்கிறேன். பழைய ப்ராஜெக்டை எடுத்துத் திருத்தாத கோப்பு இருக்கிறதா என்று தேடப் போகிறேன்.


மாடி ஸ்டூடியோ, கும்பகோணம்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், முடிந்தது. மல்லாரியை என் சித்தப்பா வீட்டு முற்றத்தில் எடுத்தோம். கம்பீர நாட்டை ராகத்தின் முதல் பிடி விழுந்ததும் தூணுக்குத் தூண் தவில் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி குளித்த ஈரத்தோடு வந்து வாசலில் கைகூப்பி நின்றார். யாரோ சுவாமி புறப்பாடு என்று நினைத்துவிட்டார்களாம், மூன்று நான்கு பேர் கூடிவிட்டார்கள்.

தோடி மறுநாள் ஸ்டூடியோவில். ரெக்கார்டை முன்பே அழுத்திவிட்டேன். பெரியவர் நாயனத்தில் தொங்கும் ஊசியை எடுத்துச் சீவாளியைச் சரிசெய்தார், ஊதிப் பார்த்தார், தலையசைத்து அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை நாக்கில் நனைத்தார். நாலாவது சீவாளி ஒத்துவந்தது. சரி, டேக் போகலாமா என்று கேட்க எழுந்தேன். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு சும்மா ஸ்ருதி பார்ப்பது போல ஆரம்பித்து 22 நிமிடம் வாசித்துவிட்டார். அதுதான் டேக். பிறகு முறையாக இரண்டு முறை எடுத்தோம், இரண்டும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். முழுவதும் குனிந்தபடியே கேட்டார். கடைசியில் "எங்கப்பா மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சந்தேகம். ஒன்பதாவது நிமிடத்தில் கீழே தெருவில் பால் வண்டி மணி லேசாகக் கேட்கிறது. எடுத்துவிடவா?


பழைய ஃபேடர், சென்னை:

படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் தம்பி. மணி இருக்கட்டும், அதை எடுக்கப்போய் அவருடைய ஒரு கமகத்தைச் சுரண்டிவிடாதீர்கள்.

கோப்பை 24 பிட்டில் இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றைப் பெரியவர் வீட்டிலேயே கொடுத்து வையுங்கள். என் அலமாரியில் அந்தக் கால டிஜிட்டல் டேப்பான டேட் கேசட்டுகள் இருக்கின்றன. ஒன்றின் முதுகில் என் கையெழுத்திலேயே "நாயனம், இரண்டாம் நாள்" என்று மட்டும் இருக்கிறது. அற்புதமான தவில். வாசித்தவர் யாரென்று கேட்டுச் சொல்ல, அன்று அந்த அறையில் இருந்தவர்களில் இன்று ஒருவரும் இல்லை. ஐந்து பேர் பெயரையும், ஊரையும், தேதியையும், எத்தனை கட்டை என்பதையும் இன்றைக்கே கோப்பின் பெயரில் எழுதிவிடுங்கள்.