பண்ருட்டிப் பெரியப்பா

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

பண்ருட்டிப் பெரியப்பா காலமான செய்தி இதற்குள் எல்லோருக்கும் எட்டியிருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் மஸ்கட் திரும்பி நான்கு நாட்களாகின்றன. விமானத்தில் வரும்போதே எழுத நினைத்தது, இன்றைக்குத்தான் கை வந்தது.

அவருடைய பெயரைச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பலர் விழிப்பார்கள். நம் வடக்கம்பட்டியிலிருந்து போன ஓட்டல்காரர்களுக்குக் கடை வைத்த ஊர்தானே பெயர்? அவர் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் பண்ருட்டிக்காரர்.

வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. திருமங்கலம் பக்கத்து மானாவாரி பூமி நம்முடையது. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்தது. அப்படியொரு காலத்தில்தான் நம்மூர் சுப்பா நாயுடு காரைக்குடிக்குப் போய் முதல் முனியாண்டி விலாஸ் அசைவ ஓட்டலைத் தொடங்கினார். நம்மூர்ச் சாமி முனியாண்டியே கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லுவார்கள். அவருக்குப் பின்னால் ஒருவர் கையைப் பிடித்து ஒருவராக ஊரே அடுப்படிக்குப் போனது. பெரியப்பாவும் அப்படித்தான். பதினான்கு வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கடையில் இலை எடுக்கப் போனவர், சப்ளையராகி, மாஸ்டராகி, எண்பதுகளில் பண்ருட்டியில் எட்டு மேசையோடு சொந்தக் கடை போட்டார்.

பள்ளி விடுமுறை விட்டால் என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள். பண்ருட்டியில் அது பலாப்பழக் காலம். லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் சாப்பிட வரும்போது ஒரு பழத்தையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போடுவார்கள். பின்கட்டில் ஒரு பக்கம் பலாச்சுளை வாசனை, இன்னொரு பக்கம் சுக்கா வறுபடும் மிளகு வாசனை. எனக்கு இன்றைக்கும் இரண்டில் ஒன்று மூக்கில் பட்டால் மற்றது தானாக வந்து நிற்கிறது. சின்ன வெங்காயம் உரிப்பது என் வேலை. ஒரு நாள், எனக்கு அப்பா வயதிருக்கும் சப்ளையர் ஒருவரை நான் ஒருமையில் கூப்பிட்டுவிட்டேன். பெரியப்பா திட்டவில்லை. மறுநாள் முழுவதும் என்னிடம் வாளியைக் கொடுத்து எச்சில் இலை எடுக்க வைத்தார். ராத்திரி அந்தச் சப்ளையர் பக்கத்திலேயே உட்கார வைத்து, ஈரலை என் இலையில் அவரே அள்ளி வைத்தார்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கோபம் வந்தால் கடைவீதிக்கே கேட்கும். மசாலா விஷயத்தில் யார் சொல்லையும் கேட்கமாட்டார். மகன் ஃபிரைடு ரைஸ் போடலாம் என்று சொன்னபோது மூன்று மாதம் அவனோடு பேச்சு வார்த்தை இல்லை. (இப்போது போடுகிறார்கள். நன்றாகவே விற்கிறது.)

இத்தனை கறியையும் மீனையும் ஊருக்குப் போட்டவர், தம் கடையில் கை நனைக்கமாட்டார் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. ராத்திரி பதினொன்றரைக்குக் கல்லாவை எண்ணி முடித்து, சைக்கிளில் வீட்டுக்குப் போய், பெரியம்மா கையால் ஒரு வாய் ரசம் சோறும் கீரையும். அதற்காகப் பெரியம்மா விழித்திருப்பார். அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருப்பது அரைத் தூக்கத்தில் என் காதில் விழும். பெரும்பாலும் அரிசி விலையும் பிள்ளைகளின் மார்க்கும்தான். பெரியம்மாவும் ஓட்டலுக்குள் வந்து சாப்பிட்டதில்லை. நான் வீட்டில் ஆக்கும்போது அங்கே எதற்கு என்பார்.

புரட்டாசி வந்தால் அசைவக் கடைக்காரர்களின் பாடு உங்களுக்குத் தெரியும். ஊரெல்லாம் பெருமாளைக் கும்பிடும், கல்லா படுத்துவிடும். மற்றவர்கள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அந்த மாதத்தில்தான் பெரியப்பா வீட்டில் குதூகலம். கடைக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலூர் சில்வர் பீச்சுக்கும் சிதம்பரத்துக்கும் கிளம்பிவிடுவார். அக்கா சின்ன வயதில், சாமி படத்துக்கு முன்னால் நின்று "வருசம் முழுக்கப் புரட்டாசியாக இருக்க வேண்டும்" என்று வேண்டிக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். காரியத்தன்றும் அக்கா அதைத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, பெரியம்மாவைத் தவிர.

போனி விஷயத்துக்கு வருகிறேன். காலையில் முதலில் வந்து சாப்பிடுகிறவர் கொடுக்கும் காசு கடைக்காரனுடையதில்லை, முனியாண்டிக்கு என்று நம் ஓட்டல்களில் எடுத்து வைக்கிறோம். தை மாதம் நம்மூர் முனியாண்டி கோயிலில் நடக்கும் தைப் பூசைக்கு அந்தப் பணம்தான் வந்து சேருகிறது, விடிய விடிய ஆட்டுக்கறியும் அரிசியும் அண்டா அண்டாவாக வெந்து விடிகாலையில் பிரியாணிப் பிரசாதமாகிறது. பெரியப்பா அதற்குக் கல்லாவுக்குக் கீழே ஒரு தகர டப்பா வைத்திருந்தார். நான் பார்க்க ஒரு நாளும் அதிலிருந்து சில்லறைகூட மாற்றியதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியது. முந்திரித் தோப்பும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. ஒரு பலா மரத்தை நம்பியே பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற ஊர் அது. கடையின் கூரைத் தகடுகளும் பறந்துபோயின. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மிக்சி, கிரைண்டர் எதுவும் ஓடாது. பெரியப்பா பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவிப் போட்டு, விழுந்த மரத்திலேயே விறகு வெட்டி, சாம்பார் சாதமும் கஞ்சியுமாக வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார். யாரிடமும் காசு வாங்கவில்லை. காசு வாங்கவில்லை என்றால் போனி ஏது?

அந்த நாட்களில் அவர் செய்ததை மாஸ்டர்தான் எனக்குச் சொன்னார். விடிந்ததும் வாசல் வழியாக வாடிக்கையாளரைப் போல உள்ளே வருவாராம். முதல் மேசையில் உட்கார்ந்து ஒரு தட்டுக் கஞ்சி வாங்கிக் குடிப்பாராம். பிறகு எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்துக் கல்லாவில் இருக்கும் மகனிடம் நீட்டி, "டப்பாவில் போடு" என்பாராம். மொத்தம் ஒன்பது நாள். அவர் தம் கடையில் சாப்பிட்டது அந்த ஒன்பது நாள்தான். 2012 தைப் பூசைக்கு டப்பாவோடு ஊருக்கு வந்துவிட்டார். அன்று அவரைப் பார்த்த யாருக்கும் பண்ருட்டியில் கூரை இல்லாத கடையை விட்டு வந்திருக்கிறார் என்று தோன்றியிருக்காது.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் கடை திறந்தார்கள். மகன் கல்லாவில் உட்கார்ந்தான். முதல் ஆளாகப் பெரியம்மா வந்தார். மாஸ்டர் கை கால் ஓடாமல் நின்றார். பெரியம்மா இரண்டு இட்லி கேட்டார், கொஞ்சம் கறிக்குழம்பு ஊற்றச் சொன்னார். சாப்பிட்டு, கை கழுவி, முந்தானையில் முடிந்திருந்த ஐம்பது ரூபாயை எடுத்து மகனிடம் கொடுத்தார். மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குழம்பில் உப்பு ஒரு கல் கம்மி என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டப்பா வழக்கம்போல் தைப் பூசைக்கு ஊர் வரும், இந்த முறை மகன் கொண்டுவருகிறான். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் பயணத் தேதியை எனக்கு முன்கூட்டியே எழுதுங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து ஒரே வேனாகப் பேசிவிடலாம். பெரியப்பாவோடு எடுத்த பழைய படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.